டி மைனரில் அந்த சி ஷார்ப் எங்கிருந்து வந்தது?

கேள்வி: என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குத் தயாராகிறாள். டி மைனர் என்று ஒரே பெயரைச் சொல்லிவிட்டு மூன்று விதமாக வாசிக்கச் சொல்கிறார்கள். நொட்டேஷனின் தொடக்கத்தில் ஒரு பி ஃபிளாட் மட்டும்தான் போட்டிருக்கிறது, ஆனால் பாட்டின் நடுவே சி ஷார்ப் வந்துகொண்டே இருக்கிறது. எனக்குக் கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும், இதுதான் பிடிபடவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: கர்நாடக சங்கீதம் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது. ஷார்ப் என்றால் அரை ஸ்வரம் மேலே, ஃபிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே. டி என்பது நம்முடைய 2 கட்டை. அந்தச் சுருதியில் நடபைரவி ராகத்தின் ஸ்வரங்களைப் பாடிப் பாருங்கள், டி, இ, எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி என்று வரும், அதுதான் நேச்சுரல் மைனர். நிஷாதத்தை மட்டும் காகலி ஆக்கினால் (சி போய் சி ஷார்ப்) கீரவாணி, மேற்கத்திய இசையில் ஹார்மோனிக் மைனர் என்பார்கள். தைவதத்தையும் சதுஸ்ருதிக்கு ஏற்றிவிட்டால் (பி ஃபிளாட் போய் பி) கௌரிமனோகரி, அது மெலோடிக் மைனரின் ஆரோகணம். இறங்கும்போது மறுபடி நடபைரவிக்கே வந்துவிட வேண்டும். கமகம் இல்லாமல் இவை ராகம் ஆகிவிடாது, ஆனால் விரல் எங்கே போக வேண்டும் என்பதற்கு இது போதும்.

நமக்கு இவை மூன்று தனித்தனி மேளங்கள், அதாவது தாய் ராகங்கள். அங்கே மூன்றும் ஒரே வீடு, ஒரே பாட்டுக்குள் அறை மாறுவது போல மாறிக்கொள்வார்கள். காரணம் கார்ட், அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. மகளை முதலில் ஏ, சி, இ மூன்றையும் சேர்த்து அழுத்திவிட்டு டி, எஃப், ஏ-க்கு வரச் சொல்லுங்கள். அப்புறம் சி-க்குப் பதில் சி ஷார்ப் போட்டு அதையே வாசிக்கட்டும். இரண்டாவது முறை, வீட்டு வாசலில் வந்து நின்றது போல இருக்கும், ஏனென்றால் சி ஷார்ப் டி-க்கு அரை ஸ்வரம்தான் கீழே, மேலே ஏறாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. அந்த இழுப்புக்காகத்தான் ஹார்மோனிக் மைனர். ஆனால் பி ஃபிளாட்டிலிருந்து சி ஷார்ப்புக்குத் தாவுவது, மூன்று அரை ஸ்வர இடைவெளி, மேற்கத்திய பாடகர்களுக்குக் கரடுமுரடாகப் பட்டது, அதனால் ஏறும்போது பி ஃபிளாட்டையும் பி ஆக உயர்த்தினார்கள். இறங்கும்போது டி-யை நோக்கிய இழுப்பு தேவையில்லை, அதனால் பழையபடி. சி ஷார்ப் இப்படித் தேவைக்கு வந்துபோகும் விருந்தாளி என்பதால்தான் தொடக்கத்தில் எழுதுவதில்லை, வரும் இடத்தில் மட்டும் போடுகிறார்கள். தொடக்கத்தில் நிற்கும் ஒற்றை ஃபிளாட் எஃப் மேஜருக்கும் அதேதான், ஆகவே சி ஷார்ப் தலைகாட்டினால் பாட்டு டி மைனராக இருக்கலாம் என்று உடனே சந்தேகப்படலாம்.

கேள்வி: எல்லா கீ-யிலும் டி மைனர்தான் சோகமானது என்கிறார்களே, உண்மையா?
- வாசகர், கோவை

பதில்: இன்றைய கீபோர்டில் எல்லா மைனருக்கும் இடைவெளி ஒன்றுதான், டி மைனரை இ மைனருக்கு நகர்த்தினால் சுருதி ஏறுமே தவிர அமைப்பு மாறாது. சோகத்தை அந்தக் கீ-க்கு மட்டும் எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வயலினில் டி, ஏ இரண்டும் திறந்த தந்திகள், கூட்டமாக வாசிக்கும்போது அந்த அதிர்வு வேறு. கூடவே பெரிய இசைஞர்கள் கனமான விஷயங்களை இங்கே கொண்டுவந்து வைத்த பழக்கமும் நம் காதில் ஏறியிருக்கிறது. மொசார்ட் 1791-இல் முடிக்காமல் விட்டுப்போன ரெக்வியம் (இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை) டி மைனர்தான். ஆனால் 1785-இல் அவர் எழுதிய 20-ஆவது பியானோ கான்செர்ட்டோவைக் கடைசி வரை கேளுங்கள்: இருட்டாகத் தொடங்கி, முடிவில் டி மேஜருக்குப் போய்ச் சிரிக்கிறது. பீத்தோவன் 1824-இல் அரங்கேற்றிய ஒன்பதாவது சிம்பொனியும் அப்படியே. சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகிறது, அதாவது எஃப் போய் எஃப் ஷார்ப் வருகிறது, அந்த ஒரு ஸ்வரம் மாறும்போது கதவு திறந்தது போல இருக்கும்.