கண்ணைக் கட்டுவது ஆளுக்கா, பாட்டிலுக்கா?

கேள்வி: நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து வீட்டில் ஒயின் 'பிளைண்ட் டேஸ்டிங்' (எது எந்த ஒயின் என்று தெரியாமல் சுவைத்துப் பார்ப்பது) நடத்தப் போகிறோம். கண்ணைக் கட்டிக்கொண்டுதான் குடிக்க வேண்டுமா? எத்தனை பாட்டில் வாங்குவது?
— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: கட்ட வேண்டியது பாட்டிலின் கண்ணை. நிறத்தைப் பார்ப்பது சுவைப்பதில் ஒரு பாதி. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

எட்டுப் பேருக்கு ஆறு பாட்டில் போதும். அதற்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். ஆளுக்கு 40 மில்லி ஊற்றினால் ஒரு பாட்டிலில் 320 மில்லி செலவாகும். 750-இல் மீதம் உள்ளது விடை தெரிந்த பிறகு சாப்பாட்டோடு சேரட்டும்.

ஆறும் ஆறு விதமாக இருந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஒரே திராட்சையை எடுத்து ஊரை மட்டும் மாற்றுங்கள். சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் திராட்சை என்றால் நாசிக்கில் விளைந்தது, நியூசிலாந்தின் மார்ல்பரோ, பிரான்சின் சான்செர். இந்த மூன்றிலும் இரண்டிரண்டு.

மறைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காகிதப் பையில் போட்டு ரப்பர் பேண்ட் போட்டால் லேபிள் மறையும், உருவம் மறையாது. தோள் உயர்ந்தது பிரான்சின் போர்தோ பகுதிப் பாட்டில், சரிந்தது அங்கேயே பர்கண்டி பகுதியுடையது, ஒல்லியாக நெடிது வளர்ந்தது பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை ஒயின். கழுத்தில் மரை தெரிந்தால் திருகுமூடி. நியூசிலாந்து ஒயின் பெரும்பாலும் அப்படித்தான் வரும். கார்க்கிலும் பெயர் அச்சடித்திருப்பார்கள். எனவே சமையலறையிலேயே திறந்து, ஒரே மாதிரியான ஆறு ஜக்குகளில் ஊற்றிவிடுவது உத்தமம். ஜக்கில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது.

வீட்டுக்காரரும் சுவைக்க விரும்பினால் இரண்டு பேர் தேவை. ஒருவர் ஜக்குகளுக்கு அ, ஆ, இ என்று எழுதி, எது எது என்று குறித்து வைத்துவிட்டு வெளியே வரட்டும். பாட்டிலைப் பார்க்காத இன்னொருவர் உள்ளே போய் இடம் மாற்றி, எழுத்தை மறைத்து 1 முதல் 6 வரை எண் ஒட்டி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதைத் தனியாகக் குறிக்கட்டும். இரண்டு தாளையும் சேர்க்கும்வரை யாருக்கும் விடை தெரியாது.

கேள்வி: ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் கொடுக்கச் சொல்கிறார்களே?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: அது ஐரோப்பிய அறை. சென்னையில் 30 டிகிரியில் ஊற்றினால் ஸ்பிரிட் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். ரெட்டை ஃபிரிட்ஜில் வைத்து 16-18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைக்கு 10 டிகிரி அளவில். அதைவிட முக்கியம், எல்லாம் ஒரே குளிர்ச்சியில் இருப்பது. ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் 'ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது' என்று அதற்கு ஓட்டு விழும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் வாயைத் திறந்ததும் எல்லோரும் அவர் சொன்னதையே சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். முதல் பதினைந்து நிமிடம் பேச்சே கூடாது. எழுதி முடித்துத் தாளைக் கவிழ்த்த பிறகுதான் விவாதம். 100-க்கு மதிப்பெண் போடுவதும் வேண்டாம். ஒருவருடைய 85 இன்னொருவருடைய 92. பிடித்த வரிசையில் 1 முதல் 6 வரை தரவரிசை கொடுத்துக் கூட்டுங்கள். குறைந்த கூட்டல் முதலிடம்.

குறிப்பு எழுதும்போது கசப்பையும் துவர்ப்பையும் குழப்பாதீர்கள். நாவல்பழம் தின்றால் நாக்கும் ஈறும் இழுக்குமே, ரெட் ஒயினில் டேனின் என்ற துவர்ப்புப் பொருள் செய்வது அதைத்தான். இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதே இல்லை.

அந்த நண்பருக்கு ஒரு தனிச் சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. மாறியது எது என்று சொல்லட்டும். ஒரு முறை சரியாகச் சொன்னால் பாராட்ட வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு. நான்கு முறையும் சரி என்றால், அப்படித் தற்செயலாக அமைய 81-இல் ஒன்றுதான் வாய்ப்பு. அப்போது தாராளமாக மாலை போடுங்கள்.

கேள்வி: நிபுணர்களுக்கே வெள்ளையும் சிவப்பும் பிரித்துத் தெரியவில்லை என்று படித்தேன். உண்மையா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: பாதி உண்மை. 2001-இல் வெளியான போர்தோ ஆய்வு அது. கலந்துகொண்ட 54 பேரும் ஒயின் இயல் மாணவர்கள். வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து முகரக் கொடுத்தார்கள். ரெட் ஒயினுக்கான வர்ணனைச் சொற்களையே அவர்கள் பெரும்பாலும் எழுதினார்கள். குடித்துப் பார்க்கவில்லை, குடித்திருந்தால் துவர்ப்பு இல்லாதது காட்டிக்கொடுத்திருக்கும். கண் மூக்கை ஏமாற்றும் என்பதுதான் பாடம். கறுப்புக் கிளாஸில் நீங்களும் முயலலாம்.

கேள்வி: தொட்டுக்கொள்ள மிக்சர் வைக்கலாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: கூடாது. ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் எரிய வைக்கும். தண்ணீரும் வெறும் பிரெட்டும் போதும். தலையில் மல்லிகை, சட்டையில் சென்ட், மூலையில் ஊதுபத்தி, இவையும் அன்றைக்கு வேண்டாம்.

கேள்வி: நான் குடிப்பதில்லை. கலந்துகொள்ள முடியுமா? மற்றவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பலாமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: எண் ஒட்டி ஊற்றும் வேலைக்கு உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? வண்டி விஷயம் வேறு. 40 மில்லி வீதம் ஆறு என்றால் 240 மில்லி. 13 சதவீத ஒயினில் அது சுமார் 25 கிராம் ஆல்கஹால். நம் நாட்டு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். முழுவதையும் விழுங்கியவர் அதைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். ஆளுக்கொரு காகிதக் கப் வைத்துத் துப்பச் சொல்லுங்கள். தொழில்முறையில் சுவைப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும், ஆகவே டாக்ஸி.

ஊற்றும்போது இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு: ஒவ்வொன்றையும் முகர்ந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் அது டிசிஏ என்ற வேதிப்பொருள் ஏறிய பாட்டில். பெரும்பாலும் கார்க்கிலிருந்து வரும். காற்றாட வைத்தாலும் போகாது. ஏழாவதாக ஒரு பாட்டில் கைவசம் இருந்தால் அதை மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் ஐந்தோடு நடத்துங்கள்.