கைகர் கவுண்டரில் எண் மாறிக்கொண்டே இருந்தால் குழாய் பழுதா?

கேள்வி: ஆய்வகத்தில் சீசியம்-137 என்ற கதிரியக்க மூலத்தை அசைக்காமல் வைத்து, கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டரில் ஒவ்வொரு நிமிடமாக ஐந்து முறை எண்ணினேன். 412, 389, 436, 401, 420 என்று வந்தது. கதிர்வீச்சை உணரும் அதன் குழாய் போய்விட்டதா? வோல்ட்டேஜை ஏற்றினால் ரீடிங் நிலைக்குமா?

பதில்: இந்த எண்களில் பழுதுக்கான அறிகுறி எதுவும் இல்லை. வோல்ட்டேஜில் கை வைக்காதீர்கள்.

மூலத்தில் உள்ள ஓர் அணுக்கரு எந்த நொடியில் சிதைந்து கதிர்வீச்சை விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கருவியின் ஒலியைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். இரண்டு ‘டிக்’ ஒட்டிக்கொண்டு வரும், சற்று மௌனம், அப்புறம் திடீரென நான்கு. கடிகாரம் போல ஒருநாளும் வராது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் அளவும் உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலம். உங்கள் சராசரி ஏறக்குறைய 412, அதன் வர்க்கமூலம் 20. மூன்றில் இரண்டு பங்கு ரீடிங்குகள் 392-க்கும் 432-க்கும் இடையே விழ வேண்டும். உங்களுக்கு ஐந்தில் மூன்று உள்ளே, இரண்டு சற்றே வெளியே. இதைவிட இயல்பாக இருக்க முடியாது.

எண் அசையாமல் நின்றால்தான் நான் கவலைப்படுவேன். ஒருமுறை ஒரு கருவி, மூலத்தை எடுத்த பிறகும் நிமிடத்துக்கு 3000 என்றே காட்டியது. நொடிக்கு 50. அங்கே மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்! கேபிளின் எர்த் இணைப்பு தளர்ந்து, கவுண்டர் கதிர்வீச்சை விட்டுவிட்டு மின் இரைச்சலை எண்ணிக்கொண்டிருந்தது.

துல்லியம் வேண்டுமென்றால் நேரத்தைக் கூட்டுங்கள். 100 எண்ணிக்கையில் பிழை 10 சதவீதம், 10,000 எண்ணிக்கையில் 1 சதவீதம். உங்கள் மூலத்துக்கு அது 25 நிமிட வேலை. மூலத்தை எடுத்துவிட்டு, சுற்றுப்புறத்திலிருந்து எப்போதும் வரும் பின்னணிக் கதிர்வீச்சையும் எண்ணிக் கழியுங்கள். வலுக்குறைந்த மாதிரிகளில் இதை விட்டால் முடிவே தவறிப்போகும். ஒரு நிமிடத்தில் மாதிரியோடு 60, பின்னணி 40 என்றால் மிச்சம் 20, அதன் பிழையோ 10 (60 + 40-இன் வர்க்கமூலம்). இரண்டையும் 100 நிமிடம் எண்ணினால் நிமிடத்துக்கு 20, பிழை 1.

சரி, வோல்ட்டேஜ் ஏன் கூடாது? வோல்ட்டேஜை ஏற்ற ஏற்ற எண்ணிக்கை அதிகம் மாறாத ஒரு சமதளப் பகுதி குழாய்க்கு உண்டு. வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். அதைத் தாண்டினால் குழாய்க்குள் தொடர் மின்னிறக்கம் தொடங்கி, நல்ல குழாயும் கெட்டுவிடும்.

சந்தேகம் தீரவில்லையென்றால், தினமும் காலையில் அதே மூலத்தை அதே தூரத்தில் வைத்து 10 நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். 4120 அளவில் வரும், வர்க்கமூலம் 64. சீசியத்தின் அரைவாழ்வு (அது பாதியாகக் குறையும் காலம்) சுமார் 30 ஆண்டு என்பதால் சில வாரங்களில் அதன் தேய்வு தெரியாது. தொடர்ந்து இரண்டு நாள் 190-க்கு மேல் (64-இன் ஏறக்குறைய மூன்று மடங்கு) ஒரே பக்கமாக விலகினால், முதலில் மூலம் வைத்த இடத்தையும் கேபிளையும் பாருங்கள். குழாயைச் சந்தேகிப்பது அதற்கு அப்புறம்தான்.