டயரில் இருப்பது விண்டா, ஏரா?

கேள்வி: புளியரையில் நாலு ரூம் வாடகைக்கு விடுகிறோம். சாரல் சீசனில் வெளிமாநிலத்துக்காரர்கள் வந்தால் ஆங்கிலம்தான் பேச வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒருத்தரிடம் "டயரில் விண்ட் இல்லை சார்" என்றேன், சிரித்துவிட்டார். காற்று என்றால் விண்ட்தானே?

பதில்: சிரித்தவரை விடுங்கள். நமக்குக் காற்று ஒன்றுதான், டயரில் அடைத்தாலும் மலையிலிருந்து இறங்கினாலும். ஆரியங்காவு தாண்டினால் மலையாளத்திலும் அப்படித்தான். ஆனால் நமக்கு வினைச்சொல் பல: காற்று வீசும், அடிக்கும், பலூனை ஊதுவோம், மூக்கைச் சிந்துவோம். இங்கிலீஷில் இது தலைகீழ். பெயர்கள் ஏகப்பட்டது, வினைக்குப் பெரும்பாலும் ப்ளோ ஒன்றே போதும்.

அசையாமல் இருந்தாலும், அடைத்து வைத்திருந்தாலும் அது ஏர். அதனால் டயரில் ஏர். வெளியே தானாக ஓடினால்தான் விண்ட். மேலுக்கு இதமாக வந்தால் பிரீஸ். திடீரென்று ஒரு வீச்சு அடித்துக் குடையை மடக்கிவிட்டு ஓய்ந்தால் கஸ்ட். கதவிடுக்கில் புகுந்து குளிர வைப்பது டிராஃப்ட் (draught), எழுத்துக்கூட்டிப் படித்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். ஃபேன் ஓடியும் புழுக்கமாக இருந்தால் "நோ ஏர்" என்று பதற வேண்டாம், விருந்தாளிக்கு மூச்சு முட்டுகிறதோ என்று ஆகிவிடும். "த ரூம் இஸ் ஸ்டஃபி", முடிந்தது.

ஒரு வேடிக்கை. 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற கப்பற்படை அதிகாரி காற்றின் வேகத்துக்குப் படிநிலை வகுத்தார், இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வேகம், அதாவது குடை பிடிக்கவே திண்டாடும் காற்றுகூட வெறும் ஸ்ட்ராங் பிரீஸ்தான்! கேல் என்று சொல்ல 62-ஐத் தொட வேண்டும். பேச்சில் யாரும் அளந்து பார்ப்பதில்லை, ஆடி மாதத்தில் கதவு படார் படார் என்று அடித்தால் தாராளமாக "வெரி விண்டி டுடே" என்று சொல்லுங்கள்.

இனி ப்ளோ. விண்ட் ப்ளோஸ் சரி. டீ சுட்டால் அதன் மேல் ஊதுவது ப்ளோ ஆன், மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது ப்ளோ அவுட், மூக்குச் சிந்துவது ப்ளோ யுவர் நோஸ், பியூஸ் போனால் "த பியூஸ் ஹாஸ் ப்ளோன்". பலூன் ஊதுவது ப்ளோ அப், ஆனால் அதையே ஒரு கட்டடத்துக்குச் சொன்னால் குண்டு வைத்துத் தகர்ப்பது, அதனால் பிறந்தநாள் அலங்காரம் பற்றிப் பேசும்போது பலூன் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். இறந்தகாலத்துக்கு ப்ளூ, நீலத்துக்குச் சொல்வோமே அதே ஓசை. "ப்ளோட்" என்று ஒட்ட வைக்க வேண்டாம்.

அப்புறம் விண்ட் என்ற அதே எழுத்துகளை வைண்ட் என்று படித்தால் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது. இதற்கும் காற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிரிட்டிஷ்காரர் யாராவது சாப்பிட்டு முடித்து, வயிற்றைத் தடவிக்கொண்டு "ஐ ஹேவ் காட் விண்ட்" என்றால் ஜன்னலைச் சாத்த ஓடாதீர்கள். அவருக்கு வாயு, கொஞ்சம் ஓமத்தண்ணி கொடுங்கள்.