புகைச் சோதனையில் தேறிய இன்ஜினும் பதிவில் இல்லாத இன்ஜின் எண்ணும்

கேள்வி: என் 1.6 லிட்டர் காரின் சிஓஇ-யை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழை, மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். பிறகு இன்ஜின் பழுதானது. பல ஆண்டுகளாக நான் அண்ணன் என்று அழைக்கும் பட்டறைக்காரர், ஜப்பானிலிருந்து வந்த பழைய 1.8 லிட்டர் இன்ஜினை 6,500 வெள்ளிக்குப் (டாலருக்குப்) பொருத்திக் கொடுத்தார். ஆண்டுச் சோதனையில் புகை அளவு வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் இன்ஜின் எண் பதிவோடு பொருந்தவில்லை என்று காரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம்பி மோசம் போன எனக்கு இரவில் தூக்கமில்லை. புகை சுத்தமாக இருக்கும் காரை எப்படி மறுக்கலாம்? பட்டறைக்காரர் மீது வழக்குத் தொடுத்து முழுப் பணத்தையும் வாங்க முடியுமா? எங்கள் வாட்ஸ்அப் உரையாடலை இணைத்துள்ளேன். (ஈசூன் வாசகர்)

பதில்: புகை அளவை விட்டுவிடுங்கள். சோதனை நிலையத்தின் கருவி, அன்றைக்கு உங்கள் காரிலிருந்து வெளியான புகை வரம்பைத் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அந்த இன்ஜின் அந்தக் காரில் இருக்கலாமா என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியையும் பதிவையும் பொறுத்தது. மாசு வரம்பு ஒரு சட்டத்தின் கீழும், வாகன மாற்றம் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழும் வருவதால், ஒன்றில் தேறியது மற்றொன்றுக்குப் பதிலாகாது.

உங்கள் விவகாரத்தில் சட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆணையத்தின் முன் ஒப்புதல் இல்லாமல், வேறு கொள்ளளவு கொண்ட இன்ஜின், உங்கள் பெயரில் பதிவான காரில் ஏற்றப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் சாலை வரி இன்ஜின் கொள்ளளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. சிஓஇ-யில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவும் 1,600 சிசி-யோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இதை எழுத்தர் பிழைபோல் ஒரு படிவத்தில் சரிசெய்துவிட முடியாது. சட்டவிரோத மாற்றத்துக்கு அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். மீண்டும் அகப்பட்டால் தண்டனை கடுமையாகும். பட்டறைக்காரரும் பொறுப்பாளிதான் என்றாலும், அவருடைய பொறுப்பு உங்களுடையதைக் குறைத்துவிடாது.

இனி வழக்குக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் உரையாடலில் அவர், “அப்ரூவல் எல்லாம் வேணாம், இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸாயிடும்” என்று எழுத, நீங்கள் “சரிண்ணே, செஞ்சிடுங்க” என்று பதிலளித்திருக்கிறீர்கள். உங்களை ஏமாற்றியதற்குச் சான்றாக இதை இணைத்திருக்கிறீர்கள். எதிர்த்தரப்பான பட்டறைக்காரர் கையில் இதுவே உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக இருக்கும். ஒப்புதல் வேண்டும் என்பது தெரிந்தும் அதைத் தவிர்க்க இருவரும் ஒத்துக்கொண்டீர்கள் என்று வாதிட அவருக்கு இந்த இரண்டு வரிகள் போதும். 2014-ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வீட்டுக் கடன் வரம்பைத் தவிர்ப்பதற்காக முன்தேதியிட்டுத் தயாரித்த விற்பனை ஆவணத்தை நிறைவேற்றித்தர நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். ஒழுங்குவிதியை மீறும் நோக்கத்தோடு செய்த ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு நீதிமன்றம் உதவத் தயங்கும். உங்கள் கோரிக்கை அடியோடு தோற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்கும் இடத்தில் இருந்த நீங்கள் பதில் சொல்லும் இடத்துக்குப் போய்விடுவீர்கள். தொகை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் 20,000 வெள்ளி வரம்புக்குள் இருப்பதால் அங்கே நீங்களே வாதாட வேண்டும். வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. கையில் இப்படியொரு உரையாடலை வைத்துக்கொண்டு கோபத்தில் அங்கே போய், தங்கள் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு திரும்பியவர்களை நான் அறிவேன்.

அதைவிட மோசமான குழி ஒன்றுண்டு. “பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ஆணையத்திடம் சொல்லிவிடுவேன்” என்று அவருக்கு ஒருபோதும் எழுதாதீர்கள். நியாயமான கோபத்தில் எழுதியதாகவே இருக்கட்டும், அது மிரட்டிப் பணம் பறித்ததாகக் காவல்துறையில் புகாராகத் திரும்பக்கூடும். புகார் செய்வதும் பணம் கேட்பதும் ஒரே செய்தியில் சேரக் கூடாது.

காரை இன்றே நிறுத்துங்கள். சோதனையில் தேறாத காருக்குச் சாலை வரி புதுப்பிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. என்னுடைய அச்சம் காப்புறுதியைப் பற்றியது. அறிவிக்காத இன்ஜினோடு ஒருவரை மோதிவிட்டால், காயமடைந்தவருக்குக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை உங்களிடமே வசூலிக்க வரலாம். 6,500 வெள்ளிக்காகத் தூக்கத்தைத் தொலைத்திருக்கும் நீங்கள், அந்தத் தொகை எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை எண்ணிப் பாருங்கள். பழைய இன்ஜினைச் சோதனை நாளுக்கு மட்டும் பொருத்திவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதுவரை அறியாமை என்று சொல்லக்கூடியது அன்றோடு திட்டமிட்ட ஏமாற்றாகிவிடும். ஆணையம் விளக்கம் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், அது தனிக் குற்றம். எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். பழைய இன்ஜின் இன்னும் பட்டறையில் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவர் செலவில் அதைப் பழுதுபார்த்து மீண்டும் ஏற்றித் தரட்டும், 1.8 லிட்டர் இன்ஜினை அவரே எடுத்துக்கொண்டு, கூலி போக மீதியைத் திருப்பித் தரட்டும். பாதித் தொகை வந்தாலும் ஏற்றுக்கொள்வதே உங்களுக்கு நல்லது. பழைய இன்ஜின் இரும்புக்கடைக்குப் போயிருந்தால், அதே வகை இன்ஜினுக்கு இம்முறை ஆணையத்தின் ஒப்புதலை முதலில் பெறுங்கள். அதற்கான செலவு கட்டுப்படியாகாவிட்டால் காரின் பதிவை ரத்து செய்து, எஞ்சிய சிஓஇ காலத்துக்கான கழிவுத் தொகையைப் பெற்றுக்கொள்வது வழக்கு நடத்துவதைவிட உங்களுக்கு அதிகப் பணம் தரக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சமரசத்தை எழுத்தில் வையுங்கள். யார் என்ன செய்வார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு தொகை என்பவை அதில் இருந்தால் போதும். ஆணையத்திடம் எதுவும் சொல்லமாட்டேன் என்று எழுதித் தரும்படி அவர் கேட்டால், அந்த வரி நீங்கும்வரை கையெழுத்திடாதீர்கள்.