பிறந்த குட்டியின் மூளையில் தடுப்பு நியூரான்கள் உண்மையிலேயே தடுக்கின்றனவா?

தடுப்பு நியூரான்கள் (பிற நரம்புச் செல்களை அடக்கும் செல்கள்) வெளியிடும் காபா என்னும் வேதித்தூது, வளரும் மூளையில் தூண்டுதலாக வேலை செய்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விடை காபாவில் இல்லை. அதைப் பெறும் செல்லுக்குள் உள்ள குளோரைடின் அளவில் இருக்கிறது.

முதிர்ந்த நியூரானில் கேசிசி2 என்னும் புரதம் குளோரைடை ஓயாமல் வெளியேற்றுவதால், காபா செல் சவ்விலுள்ள தன் ஏற்பியான வாயிலைத் திறந்ததும் எதிர்மின் அயனியான குளோரைடு உள்ளே பாய்ந்து செல்லை அடக்குகிறது. இளம் நியூரானிலோ கேசிசி2 குறைவு. குளோரைடை உள்ளே இறைக்கும் என்கேசிசி1 மிகுதி. ஆகவே அதே வாயில் திறக்கும்போது குளோரைடு வெளியே கசிய, செல்லின் மின்னழுத்தம் தூண்டுதலை நோக்கி உயர்கிறது. 1989-இல் யெஹெஸ்கெல் பென்-ஆரி குழுவினர், பிறந்து சில நாட்களேயான எலியின் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு உதவும் மூளைப் பகுதி) சீவல்களில், செல்கள் ஒருசேர எழுப்பும் பெரிய மின்னலைகளைப் பதிவுசெய்து, காபா ஏற்பிகளை அடைத்ததும் அவை நின்றுபோவதைக் காட்டினர்.

ஆனால் மின்னழுத்தம் உயர்ந்தாலே தூண்டுதல் என்று கொள்வது அவசர முடிவு. திறந்த வாயில்கள் சவ்வின் மின்தடையைக் குறைப்பதால், தூண்டும் வேதித்தூதான குளுட்டமேட் கொண்டுவரும் மின்னோட்டம் அந்த ஓட்டை வழியே வீணாகிறது. உயிருள்ள எலிக்குட்டிகளின் பெருமூளைப் புறணியில் நியூரான் வலையமைப்பைக் காபா அடக்கியே வைப்பதைப் பிந்தைய ஆய்வுகள் கண்டன. பச்சிளங்குழந்தையின் வலிப்புக்கு காபாவின் விளைவைக் கூட்டும் மருந்தான ஃபீனோபார்பிட்டல் சில வேளைகளில் எடுபடாமல் போவதற்கு இந்தக் குளோரைடு நிலையும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.