ராத்திரி பஸ், விடுதி கேட்: வார்டனிடம் கேளுங்கள்

சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் 22 வருஷம் வார்டனாக இருந்தேன். வெளியூரில் புதிதாகப் படிக்கச் சேர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எடப்பாடி மாணவி: ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பிப் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கவே பத்து மணி ஆகிறது அம்மா. விடுதி சாரதா காலேஜ் ரோட்டுப் பக்கம். பயமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டை நினைத்துப் பயப்படாதே கண்ணு. அங்கே வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஆட்டோ உன்னை இறக்கிவிட்டுத் திரும்பியதிலிருந்து கேட் திறக்கும் வரை இருக்கிற அந்த இரண்டு நிமிஷம்தான் கவனம். சந்து முனையில் இறங்காதே, கேட்டுக்கு நேராக நிறுத்தச் சொல். "கேட் திறக்கட்டும்ணா, அப்புறம் காசு தர்றேன்" என்று சொல். நல்ல ஓட்டுநர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏறும்போதே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து அறைத்தோழிக்கு அனுப்பு. ஓட்டுநர் பார்க்கும்படியே எடு, மறைக்க வேண்டாம். ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டும்போதே வாட்ச்மேனுக்குப் போன் போட்டுவிடு. போனில் சார்ஜ் பாதிக்குக் கீழே இருந்தால் ஊரிலிருந்தே கிளம்பாதே.

தர்மபுரி மாணவி (சென்னையில் படிக்கிறார்): பெப்பர் ஸ்பிரே வாங்கலாமா?

வாங்கு. ஆனால் பையின் அடியில் கிடந்தால் பயனில்லை, கையில் இருக்க வேண்டும். எதிர்க்காற்றில் அடித்தால் உன் கண்ணுக்கே வரும். அதற்கு முன் போனைத் தயார் செய். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி 2022-லிருந்து இருக்கிறது, இன்றைக்கே இறக்கி ஒருமுறை திறந்து பார். ராத்திரி நடக்கும்போது காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் காலடிச் சத்தத்தைக் காதுதான் முதலில் சொல்லும்.

ஓமலூர் மாணவர்: பையன்களுக்கு எதுவும் சொல்ல மாட்டீர்களா மேடம்? நண்பர்களோடு ஏற்காட்டில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு பைக்கில் இறங்கலாம் என்றிருக்கிறோம்.

வேண்டாம் தம்பி. அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு. பனி இறங்கினால் ஹெட்லைட் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் நிற்கும். காட்டெருமையும் ரோட்டுக்கு வரும். வெளிச்சம் இருக்கும்போதே கீழே வந்துவிடுங்கள், இல்லை மேலேயே தங்கிக் காலையில் வாருங்கள். போனில் சார்ஜ் உனக்கும்தான்.

ஆத்தூர், ஒரு தந்தை: விடுதி கேட்டை எட்டரைக்கு மேல் யாருக்கும் திறக்கவே கூடாது மேடம். கண்டிப்பு இருந்தால்தான் பாதுகாப்பு.

இதை நானும் நம்பியிருந்தேன் ஐயா. ஒரு மழை நாளில் வாழப்பாடிப் பிள்ளை ஒருத்தி கால் மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறாள். கேட் பூட்டியிருந்தது. மணியடிக்கப் பயந்து, திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கே போய் விடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு மணிக்கு வந்து நின்றபோது, துப்பட்டாவைப் பிழிந்த முறுக்கு அப்படியே காய்ந்து கயிறு மாதிரி இருந்தது. முந்தின வாரம்தான் தாமதமாக வந்த இரண்டு பேரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்டியிருந்தேன். அவள் மணியடிக்காததற்கு நான்தான் காரணம். அதன்பின் கேட் நேரம் மாறவில்லை, ஆனால் என் நம்பரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். எத்தனை மணிக்கு வந்தாலும் கேட் திறக்கும், விசாரணை மறுநாள், அதுவும் தனியாக.

சங்ககிரி, இன்னொரு தந்தை: அப்படி விட்டால் தினமும் தாமதமாகத்தான் வருவார்கள்!

இரண்டு மூன்று பேர் வந்தார்கள். கூப்பிட்டுப் பேசினேன், வீட்டுக்கும் சொன்னேன், சரியாகிவிட்டது. அவர்களுக்காக மற்ற பிள்ளைகளை ரோட்டில் நிறுத்த முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளே, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண்கள் விடுதியில் இல்லாத பாரபட்ச விதியைப் பெண்கள் விடுதியில் வைக்கக் கூடாது என்கின்றன. உங்கள் மகளின் விடுதியில் கேட்டுப் பாருங்கள்.

மேட்டூர் மாணவி: எங்கள் விடுதியில் தாமதமானால் 100 ரூபாய் அபராதம் அம்மா.

வாங்கட்டும். கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு வாங்கட்டும்.

நாமக்கல் மாணவி: பெப்பர் ஸ்பிரே எந்தக் கம்பெனி நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். கம்பெனி முக்கியமில்லை, கையில் இருக்கிறதா என்பதுதான்.

ராசிபுரம் மாணவர்: விடுதி டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை.

இது என் துறை இல்லை தம்பி. நுகர்வோர் உதவி எண் 1915.

கோவையில் படிக்கும் சேலம் மாணவி: பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்தான். எந்த ஊர் எல்லை என்று தெரியாததால் புகார் கொடுக்கவில்லை.

எல்லை பார்க்க வேண்டியதில்லை கண்ணு. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். அவர்கள் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். தனியாகப் போகாதே, தோழியைக் கூட்டிக்கொள்.

பெப்பர் ஸ்பிரே பற்றி மேலும் நான்கு பேர்:

மேலே இருக்கிறது. படியுங்கள்.

ஆத்தூர்த் தந்தை மீண்டும்: மகளின் வார்டனிடம் என்னவென்று கேட்பது மேடம்?

"என் பிள்ளை பதினொரு மணிக்கு மணியடித்தால் யார் எழுந்து வந்து திறப்பார்கள்?" என்று கேளுங்கள். பெயரும் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மகளிடம், தாமதமானால் அப்பாவும் திட்ட மாட்டேன் என்று நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.