ஆய்வேட்டில் சேராத நோட்டு

ஐயா, வணக்கம்.

நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்துப் பெண். டெல்டாவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் 2019 கடைசியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். தலைப்பு: விவசாயக் கூலிப் பெண்களும் குழுக்கடனும். களப்பணி தொடங்குவதற்குள் மார்ச் வந்துவிட்டது. ஒரே நாளில் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். புத்தகம், துணி எல்லாம் அறையிலேயே கிடந்தன. பிறகு விடுதியைக் கொரோனா நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். என் பெட்டி எங்கே போனது என்றே டிசம்பரில்தான் தெரிந்தது.

நெறியாளர் கூகுள் ஃபார்ம் வைத்துத் தரவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன், பட்டமும் வாங்கிவிட்டேன். இப்போது அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். உடன் வேலை பார்ப்பவர்களே 'கொரோனா பிஎச்.டி.' என்று கேலி செய்கிறார்கள். நியூட்டன் கொள்ளைநோய்க் காலத்தில்தான் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தார் என்று ஒரு வெபினாரில் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. வளாக வாழ்க்கையும் போனது, ஆய்வும் போனது என்று தோன்றுகிறது. ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட்டால் நேர்காணலில் மதிப்பெண் கிடைக்கும் என்கிறார்கள். போடலாமா?

ஊரடங்கில் அம்மாவோடு நடவுக்குப் போனேன். அங்கே கண்டது கேட்டதை ஒரு நோட்டில் எழுதினேன். முறையான தரவு இல்லை என்று நெறியாளர் சொன்னதால் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், சும்மா பார்ப்பதற்கு.

ம.

அன்புள்ள ம.,

கேலியை முதலில் ஓரமாக வைப்போம். 2020 ஆகஸ்டில் அரியர் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பாஸ் என்று அறிவித்தார்களே, உங்கள் பட்டத்தையும் அந்தக் கணக்கில் எழுதுகிறார்கள். கேலி செய்பவர்களிடம் அவர்கள் ஆய்வேட்டை ஒரு நாள் இரவல் கேளுங்கள். பேச்சு தானாக மாறும்.

நியூட்டனையும் விடுங்கள். அந்த வருடம் வெபினாரில் பேசியவர்கள் ஆளுக்கு ஒருமுறை அவரை இழுத்து வந்தார்கள், கேட்டவர்களுக்கு மின்சான்றிதழ் வந்தது. 1665-இல் கேம்பிரிட்ஜ் மூடியதும் அவர் போய் உட்கார்ந்த இடம் உல்ஸ்தார்ப்பில் அம்மாவின் பண்ணை வீடு. சொந்த நிலம், வேலைக்கு ஆள், நேரத்துக்குச் சாப்பாடு. உங்கள் அம்மாவும் வயலில்தான் நின்றார், அடுத்தவர் வயலில். நம் பக்கத்து உதாரணம்தான் வேண்டும் என்றால் கணிதமேதை ராமானுஜன் இருக்கிறார். 1919-இல் உடம்பு கெட்டு இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாறி இருந்துவிட்டு, 1920 ஜனவரியில் அங்கே இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு, மாக் தீட்டா சார்புகள் என்ற தன் புதுக் கண்டுபிடிப்பைப் பற்றி எழுதினார். ஏப்ரல் 26-இல் போய்விட்டார். அந்த நாளின் நூறாம் வருடம் ஊரடங்குக்குள்ளேயே வந்து, ஊரடங்குக்குள்ளேயே கழிந்தது. ஆனால் அவரைக் காட்டி உங்களிடம் வேலை வாங்க எனக்கு மனசு வரவில்லை. பெட்டி எங்கே என்று தெரியாமல் ஒன்பது மாதம் இருந்த பெண்ணிடம் போய் மேதைகளின் கதை சொல்வது என்ன ஆறுதல்?

வளாகம் போனதைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது பெரிய இழப்புதான். நூலகத்தையும் வகுப்பையும் எப்படியோ ஈடு கட்டிவிடலாம். விடுதி மெஸ்ஸில் வேறு துறைப் பையன் ஒருவன் "இதை ஏன் இப்படிக் கேட்கிறீர்கள்?" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சண்டைக்கு வருவானே, அதற்கு ஈடு கிடையாது. அந்தச் சண்டை உங்களுக்குக் கிடைத்திருந்தால் கூகுள் ஃபார்ம் விஷயத்தில் யாராவது ஒருவர் உங்களைப் பிடித்து உலுக்கியிருப்பார்கள். இப்போது அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்படிப் பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா. உங்கள் தலைப்பு விவசாயக் கூலிப் பெண்கள். உங்கள் ஃபார்மை நிரப்பியது யார்? நீங்கள் சுட்டியை வாட்ஸாப்பில் போட்டிருப்பீர்கள். அது உங்கள் எம்.ஏ. தோழிகளுக்குப் போயிருக்கும், அவர்கள் தங்கள் குடும்பக் குழுவில் தட்டிவிட்டிருப்பார்கள். சில நாளில் நூற்றுக்கணக்கில் பதில். நடவுக்குப் போகிற அக்காவின் வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் பையனின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது. அவன் அம்மாவுக்காக உட்கார்ந்து, "குழுக்கடன் எனக்கு மன உளைச்சலைத் தருகிறது" என்ற வாக்கியத்துக்கு எதிரே 'முற்றிலும் உடன்படுகிறேன்', 'உடன்படுகிறேன்', 'கருத்து இல்லை' என்று வரிசையாக இருக்கும் ஐந்து பதிலில் ஒன்றைத் தொட்டிருப்பானா? கடைசியில் கல்வித் தகுதி அட்டவணையில் பாதிக்கு மேல் பட்டதாரிகள் வந்திருப்பார்கள். அதைப் பார்த்தும் வாய்மொழித் தேர்வில் யாரும் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், பிழை உங்களோடு முடிவதில்லை.

ஊரடங்கில் வேறு வழியில்லை என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் பஸ் நின்றது, பிறகு மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள், வெளி ஆளை ஊருக்குள் விடாமல் முள்ளை வெட்டிப் போட்டார்கள். என் கோபம் அதன் பிறகு நடந்ததன் மேல். பஸ் ஓடத் தொடங்கி இத்தனை வருடம் ஆகியும் ஃபார்ம் போகவில்லை. போன மாதம் ஒரு கருத்தரங்க மலர் கைக்கு வந்தது. மீனவர் வாழ்வு, செங்கல் சூளை, கரும்பு வெட்டுகிறவர்கள் என்று தலைப்புகள். புரட்டினால் கட்டுரைக்குக் கட்டுரை சுட்டி அனுப்பித் திரட்டிய தரவு, அதே ஐந்து பதில், வட்ட வரைபடம். அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. வெயில் இல்லை, நாய் குரைப்பதில்லை, "எதுக்குத் தம்பி கேக்குறீங்க, லோன் வருமா?" என்று திருப்பிக் கேட்க யாரும் இல்லை. நெறியாளருக்கும் சௌகரியம், மாணவருக்கும் சௌகரியம்.

நான் கல்லூரி முடித்து வேலை இல்லாமல் இருந்த காலத்தில், நிலக் குத்தகை பற்றிய ஓர் ஆய்வுக்குத் தினக்கூலிக்குப் படிவம் நிரப்பப் போனேன். குடவாசல் பக்கம் ஓர் ஊர். திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். கோயில் நிலம் ஆறு மா, குத்தகை தன் பெயரில், பாக்கி இல்லை. எழுதினேன், கையெழுத்து வாங்கினேன். மோர் கொடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குறுக்கு வழி காட்ட அவரே கூட வந்தார். வாய்க்கால் மதகுக்கு மேல் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு, "தம்பி, அந்த ஆறு மாவும் எம் பேர்ல இல்ல. உள்குத்தகைதான். அவருக்கு நெல்லு அளந்துட்டு, கோயிலுக்கும் நான்தான் கட்டுறேன்" என்றார். திண்ணையில் அவருக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளை வேட்டிக்காரர்தான் அந்த 'அவர்'. கூடவே ஒரு பர்லாங் நடக்காமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிய வழியே இல்லை. கணினியில் படிவத்தை எத்தனை அழகாக வடிவமைத்தாலும் அதற்குக் கூட நடந்து வர முடியாது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். கோடுபோட்ட நோட்டு, மை கொஞ்சம் கலைந்திருக்கிறது, ஓரத்தில் சேறு. 2020 ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், எட்டு வருடம் கழித்து உரிய தேதியில். ஊரே அடைத்துக் கிடக்க, தண்ணீர் மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது. அந்தக் குறுவை நடவை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிய பெண்கள் கை மறந்துபோய் வரிசையைக் கோணலாக நட்டதும், முன்னால் நட்ட கிழவி திரும்பிப் பார்த்து "மெஷின்லயா தைக்கிறீங்க?" என்று கேட்டதும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டாம் பக்கத்தில் இது இருக்கிறது, உங்கள் வார்த்தையிலேயே தருகிறேன் (இதில் கம்பெனி என்பது பனியன் கம்பெனி அல்ல, குழுக்கடன் கொடுத்த கம்பெனி):

"சாயங்காலம் சம்பளம் கொடுக்கும்போது குழுத்தலைவி அக்கா நோட்டோடு வரப்பில் நின்றாள். கம்பெனி ஆள் வரவில்லை, போனில்தான் விரட்டுகிறானாம். ஒவ்வொருத்தியும் கரையேறியதும் கையில் வாங்கிய பணத்தில் அங்கேயே பிரித்துக் கொடுத்தார்கள். வளர்மதி மட்டும் ஏறவில்லை. வாய்க்காலில் நின்று காலைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தலைவி அக்கா போன பிறகும் கொஞ்ச நேரம் கழுவினாள்."

இதை எழுதிவிட்டு, முறையான தரவு இல்லை என்று ஒருவர் சொன்னதும் மூடி வைத்துவிட்டீர்கள்! அந்த நெறியாளரை விடுங்கள், அவருக்கு அவருடைய படிவங்கள் இருக்கின்றன. உங்களுக்கு என்ன ஆனது? அந்த வருடம் மார்ச் 27-ஆம் தேதி ரிசர்வ் வங்கி, கடன் கொடுத்த நிறுவனங்கள் தவணைக்கு மூன்று மாத அவகாசம் கொடுக்கலாம் என்று அனுமதித்தது, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஓடியது. 'கொடுக்கலாம்' என்று மேலே சொன்னது கீழே வரப்பில் என்னவாக வந்து நின்றது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கம்பெனி ஆள் ஊருக்குள் நுழைய முடியாத நாளிலும் வசூல் நடந்தது. கூட நாற்று நடுகிறவளே கூட நடுகிறவளிடம் வசூலித்தாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்கிற குழு ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை. உங்கள் ஃபார்மில் வளர்மதிக்கு எந்தக் கட்டம்? 'கருத்து இல்லை'யா?

சொந்த ஊரை ஆராயக் கூடாது, பாரபட்சம் வந்துவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் பாலக்குறிச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தன் மாணவர்களை விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய், அந்த ஊரையே ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். அவரும் கேள்விப்பட்டியல் கொடுத்தவர்தான், ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டியிருந்தது. 1918-இல் அது புத்தகமாக வந்தது, இன்ஃப்ளுயன்சா வந்த அதே வருடம். அதில் ஓர் ஊர் நம் நாகப்பட்டினம் பக்கத்துப் பாலக்குறிச்சி. 1937-ஐ ஒட்டி மறுபடி ஆராய்ந்தார்கள், அதற்கப்புறமும் போனார்கள், 2019-இல்கூட ஆய்வாளர்கள் பாலக்குறிச்சிக்கும் பக்கத்து வெண்மணிக்கும் போயிருக்கிறார்கள். நூறு வருடமாக ஓர் ஊரைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது என்றால், முதலில் ஒரு மாணவன் லீவுக்கு வந்த இடத்தில் எழுதி வைத்ததுதான் காரணம்.

அன்றைக்குப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். நடவு ஆட்களைப் பற்றி அவர்கள் கரையில் நின்று எழுதினார்கள். நீங்கள் சேற்றுக்குள் நின்றவர், நட்டவரின் மகள். வளர்மதி ஏன் கரையேறவில்லை என்பது கரையில் நின்றவன் கண்ணில் பட்டிருக்காது, பட்டாலும் கால் கழுவுகிறாள் என்றுதான் எழுதியிருப்பான். இந்த நூறு வருடத்தில் டெல்டாவில் நடந்த பெரிய காரியங்களில் ஒன்று, உங்களைப் போன்ற வீட்டிலிருந்து ஒரு பெண் ஆய்வு மாணவியாக வந்தது. வந்த பிறகு அவளுக்குக் கொடுத்தது ஒரு சுட்டி. எனக்கு வயிறு எரிகிறது.

புத்தகமாகப் போடலாமா என்றுதானே கேட்டீர்கள். போடாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு ஐ.எஸ்.பி.என். போட்டுத் தருகிறவர்கள் உங்கள் வாட்ஸாப்புக்கே வருவார்கள். கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் அதற்குக் கொடுக்க என்ன இருக்கிறது? நேர்காணல் மதிப்பெண்ணுக்கு வேறு ஏதாவது வழி பாருங்கள், அந்த நுணுக்கமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

நோட்டைத் தட்டச்சு செய்யுங்கள், எழுதிய வரிசையிலேயே, திருத்தாமல். தேதி விட்டுப்போன இடங்களில் அம்மாவிடம் கேட்டு, எந்த வயல், யார் வீட்டு நடவு என்று அடைப்புக்குள் சேருங்கள். நடவுக்காரர்கள் எந்த வயலில் என்ன நடந்தது என்பதை மறப்பதில்லை. அப்புறம் சித்திரை, வைகாசியில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து அந்தப் பெண்களிடம் மறுபடி போங்கள். அந்தக் கடன் என்ன ஆனது, அதை அடைக்க எந்தக் கடன் வாங்கினார்கள், யாருக்கு யார் கட்டினார்கள், குழுத்தலைவிக்கு அந்த வருடம் எப்படிப் போனது என்று கேளுங்கள். தலைவியை விட்டுவிடாதீர்கள், வரப்பில் நின்று கைநீட்டுவது அவளுக்கும் லேசாக இருந்திருக்காது. படிவம் எடுத்துப் போகாதீர்கள். ஏதாவது ஒரு வேலையில் கூடமாட இருங்கள், உளுந்து புடைக்கலாம், புளி உடைக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு. வளர்மதி என்று மேலே நான் போட்டிருப்பது நானாக வைத்த பெயர். நீங்கள் உண்மைப் பெயரையே எழுதி எனக்கு அனுப்பிவிட்டீர்கள், ஊர்ப் பெயரும் படத்தில் தெரிகிறது. அந்தப் பக்கங்களை வேறு யாருக்கும் இப்படியே அனுப்ப வேண்டாம். அவர்கள் இன்னும் அதே கம்பெனியில் கடன் வைத்திருக்கலாம், அதே தலைவியின் குழுவிலேயே இருக்கலாம். பெயர், ஊர், குழு எல்லாவற்றையும் மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் அந்தப் பெண்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். எடு என்று அவர்கள் சொல்வதை எடுத்துவிடுங்கள், அது நோட்டிலேயே நல்ல இடமாக இருந்தாலும் சரி. மிச்சத்தை எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.